விரலின் விலை

சட்டப் புத்தகங்களைப் பொழுதுபோக்குக்காகப் படிப்பவர்கள் குறைவு. கதை எழுதுகிறவர்கள் படிப்பது அதைவிடக் குறைவு. ஆயினும் நம் நாட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. எத்தனையோ சோகக் கதைகளைப் படித்தவர்களும் அதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. 1923-ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் என்ற பெயரில் பிறந்து, இன்று 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் குடியேறியிருக்கும் அட்டவணை அது. வேலை செய்கையில் உடலின் எந்த உறுப்பு போனால், மனிதனுடைய சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு கைகளும் போனால் 100. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. கட்டை விரல் முழுவதும் போனால் 30. ஆள்காட்டி விரலுக்கு 14. நடு விரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7.

இந்தச் சதவீதத்தை ரூபாயாக்கவும் வழி சொல்லியிருக்கிறது. முப்பது வயதுத் தொழிலாளி ஒருவருக்கு மாதக் கூலி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலையிலே இறந்துபோனால், கூலியில் பாதியான 5,000-ஐ அந்த வயதுக்கு உரிய 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 10,39,900 ரூபாய் வருகிறது. அவருக்கு ஐம்பது வயதாக இருந்தால் எண் 153.09 ஆகக் குறைந்து, தொகை 7,65,450 ஆகிவிடும். முப்பது வயதுக்காரர் உயிர் தப்பிக் கட்டை விரலை மட்டும் இழந்தால், கூலியில் 60 சதவீதத்தை அதே எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம்: 3,74,364 ரூபாய்.

மென்மையான மனமுடையவர்களுக்கு இந்த அட்டவணையைப் படித்துக் காட்டினால் முகம் சுளிக்கிறார்கள். ‘மனிதனைத் துண்டு துண்டாக நிறுத்து விலை போடுவதா? இதற்குப் பெயர் நியாயமா?’ என்கிறார்கள். அவர்களுடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. விரலுக்கு விலை கிடையாது என்பதும் உண்மைதான். ஆனால் விலை போடக் கூசிய காலத்தில் என்ன நடந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

1837-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்த பையன், எஜமானின் சரக்கு வண்டியில் சென்றான். அளவுக்கு மீறி பாரம் ஏற்றிய வண்டி முறிந்து விழுந்ததில் அவனுடைய தொடை எலும்பு முறிந்தது. சாதாரண மக்கள் அமர்ந்திருந்த ஜூரி அவனுக்கு 100 பவுன் கொடுக்கச் சொன்னது. மேலே இருந்த நீதிபதி அபிங்கர் பிரபு அதைத் தள்ளிவிட்டார். வேலைக்காரன் ஆபத்தென்று நினைத்தால் வேலை செய்ய மறுத்திருக்கலாம் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. இப்படியெல்லாம் வழக்கை அனுமதித்தால், பணிப்பெண் ஈரப் படுக்கை விரித்தாள் என்று வேலைக்காரன் எஜமான்மீது வழக்குப் போடுவானே என்ற பயம் இன்னொன்று.

ஐந்து ஆண்டு கழித்து, 1842-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. ரயில் எஞ்சின் ஓட்டி ஒருவர் சக தொழிலாளியின் தவறால் ஒரு கையை இழந்திருந்தார். அவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகம். ஆபத்துக்கு உரிய விலை அந்தக் கூலியிலேயே அடங்கியிருக்கிறது என்று தலைமை நீதிபதி ஷா தீர்ப்பளித்தார். தெரிந்து வந்தாய், கூலி வாங்கினாய், கணக்குத் தீர்ந்தது என்பது அதன் சாரம்.

இந்தத் தர்க்கத்தை உடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1884-ல் பிஸ்மார்க் ஆண்ட ஜெர்மனியில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1897-ல் பிரிட்டன் தன் சட்டத்தை இயற்றியது. 1923-ல் அது நம் நாட்டுக்கு வந்தது. அன்றுமுதல் கேள்வியே மாறிவிட்டது. ‘தவறு யாருடையது?’ என்பது பழைய கேள்வி. ‘வேலையில் அடிபட்டானா?’ என்பது புதிய கேள்வி. தொழிலாளி குடித்திருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ சாதாரணக் காயத்துக்குப் பணம் மறுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் அவன் இறந்துபோனால் அந்தச் சாக்கும் செல்லாது. செத்தவனிடம் சாட்சி கேட்க முடியாது. பசித்திருக்கும் பிள்ளைகள் விதியை மீறவும் இல்லை. இறந்தவனுக்கு உரிய பணத்தை முதலாளி குடும்பத்தாரின் கையில் நேரே கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாதென்றும், அதற்கென உள்ள ஆணையரிடம் கட்ட வேண்டுமென்றும் விதித்தார்கள். அழுதுகொண்டிருக்கும் விதவையின் கட்டை விரல் ரேகையை எவ்வளவு சுலபமாக ஒரு தாளில் வாங்கிவிடலாம் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

ஆகவே அந்த அட்டவணை வறண்டதாக இருக்கலாம். ஆனால் அது கேள்வி கேட்பதில்லை. நீ நல்லவனா, நன்றியுள்ளவனா, முதலாளிக்கு வேண்டியவனா என்று அது விசாரிப்பதில்லை. கருணைக்கு அந்தக் குணம் கிடையாது. கருணை முகம் பார்க்கும்.

அட்டவணை பிறந்த அதே 1923-ல்தான் தமிழ்நாட்டில் இன்னொரு காரியமும் தொடங்கியது. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி வந்து, சிவகாசியில் அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசிலிருந்து அச்சுத் தொழில் என்று ஊர் வளர்ந்தது. அவர்களுடைய முயற்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. மழை பொய்த்த கரிசல் காட்டில், மழை இல்லாமையையே முதலாக வைத்துத் தொழில் செய்தவர்கள் அவர்கள். வெயில் காய்ந்தால் பயிர் சாகும். தீக்குச்சியும் திரியும் நன்றாகக் காயும். பயிர் செத்த வீட்டிலிருந்துதான் அந்தத் தொழிலுக்கு ஆட்கள் வந்தார்கள்.

பட்டாசு செய்யும் இடத்தில் விதிகளுக்குக் குறைவில்லை. அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். ஓர் அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருக்கக் கூடாது. பொறி கிளப்பும் இரும்புக் கருவி ஆகாது. அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். இந்த விதிகளில் ஒன்று தவறினாலும் மறுநாள் பத்திரிகையில் ‘உராய்வு காரணமாக’ என்ற சொல்லைப் பார்க்கிறோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முதல் வெடிப்பைக் கேட்டு உதவிக்கும் பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் ஏறக்குறைய இருபது உயிர்கள் போயின. இவை பெரிய செய்திகள். ஒருவர், இருவர் என்று போவது உள்பக்கத்துச் செய்தி. விரல் மட்டும் போனால் அது செய்தியே அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திரி முடிகிற வேலைக்குப் போய் வரும் ஓர் அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயது ஐம்பது இருக்கும். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. “பயமாக இல்லையா அக்கா?” என்று கேட்டேன்.

“பயம் இல்லாம இருக்குமா சார்? பயத்தோட போறோம், பயத்தோட வாறோம். வீட்டுல இருந்தா பசியோட இருக்கணும். பசிக்கு விடுமுறை உண்டா?” என்றார்.

“கைக்கு ஏதாவது நஷ்ட ஈடு கொடுத்தார்களா?”

“மொதலாளி தங்கமானவரு சார். ஆசுபத்திரிச் செலவு பூராவும் பாத்துக்கிட்டாரு. அந்தத் தீவாளிக்குச் சேலை எடுத்துக் குடுத்தாரு. இந்தக் கையோட மறுபடியும் வேலைக்குச் சேத்துக்கிட்டாரே, அதுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்.”

அவருடைய பெயர் அங்கே எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை என்று பிறகு அறிந்தேன். ஒரே கையில் இரண்டு விரல் போனால் அட்டவணைப்படி இருபது சதவீதம். அன்றைய கூலிக்குக் கணக்கிட்டால் தொகை சிறியதாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தத் தொகைக்காக அவர் யாருக்கும் கோயில் கட்ட வேண்டியிருந்திராது. அவருடைய சொந்தப் பணம் அவருக்கு வந்தது என்று வாங்கி முடிந்துகொண்டு போயிருப்பார். அந்த முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்லவராக இருந்ததனால்தான் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. கடன் பட்டவர் கடனைக் கொடுக்காமல், தானம் கொடுத்துப் புண்ணியத்தைக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது. வாங்கியவருக்கும் அது தானமாகவே தெரிகிறது என்பதுதான் இதிலுள்ள பெரிய நஷ்டம்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். படித்தவர், இரக்கமுள்ளவர், கணக்கும் தெரிந்தவர். அவர் கேட்டார்: “வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். யாரும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லையே? வெடிக்கும் என்று தெரிந்துதானே போகிறார்கள்?”

1837-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. வயது வந்த ஒருவர் தெரிந்து செய்கிற காரியத்துக்கு அவரே பொறுப்பு என்பது நாம் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தர்மந்தான். கேள்வி, அந்தச் சம்மதத்தைப் பற்றியது.

ஏகலைவன் கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். துரோணர் குருதட்சிணையாக வலது கைக் கட்டை விரலைக் கேட்டார். அவன் மறுக்கவில்லை. அழவில்லை. முகம் வாடாமல் அறுத்துக் கொடுத்தான். யாரும் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை. விரல் போனால் வில் போகும் என்று அவனுக்குத் தெரியாமலும் இல்லை. நண்பருடைய அளவுகோலை வைத்துப் பார்த்தால், அங்கே எந்தத் தவறும் நடக்கவில்லை. தெரிந்து, மனமுவந்து கொடுத்த விரல். ஆனாலும் அந்தக் கதையைக் கேட்ட எந்தக் குழந்தைக்கும் துரோணர்மேல் கோபம் வராமல் இருந்ததில்லை. ஏன்? கேட்டவர் இருந்த உயரமும் கொடுத்தவன் நின்ற இடமும் குழந்தைக்குத் தெரிகிறது. இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்பவன் சொல்லும் ‘சரி’க்கு எவ்வளவு எடை என்று அது தானாகவே நிறுத்துப் பார்த்துவிடுகிறது. குழந்தைக்குத் தெரிவது வளர்ந்தபின் நமக்கு மறந்துபோகிறது.

ஆபத்துக்கான விலை கூலியிலேயே அடங்கியிருக்கிறது என்று நீதிபதி ஷா சொன்னாரே, அதையும் நம் கண்ணெதிரே சோதித்துப் பார்க்கலாம். அது உண்மையானால், கழிவுநீர்க் குழியில் இறங்குகிறவனும், கல் குவாரியில் வேட்டு வைப்பவனும், மருந்து கலப்பவனும் மாடி வீட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த அறையில் கோப்பு புரட்டுகிறவர்கள் அவர்களிடம் கடன் கேட்டுப் போக வேண்டும். நடப்பது தலைகீழ். ஆபத்து கூடக்கூடக் கூலி கூடுவதில்லை. வேறு வழி குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. கூலியில் அடங்கியிருப்பது அவனுடைய ஆபத்தின் விலையல்ல, அவனுடைய பசியின் விலை.

சரி, அப்படியானால் இந்தக் கடனை யார் தீர்ப்பது, எப்படித் தீர்ப்பது? இதற்கு மேல்நாட்டுச் சட்டங்களைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. நம் மண்ணிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரின் மாடுகளைப் பகைவர் ஓட்டிச் சென்றபோது, அவற்றை மீட்கப் போரிட்டு விழுந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் நிறைய உண்டு. அவற்றைத் தெய்வமாகக் கும்பிடுகிறோம். ஆனால் ஊரார் கும்பிட்டதோடு நிற்கவில்லை. விழுந்தவனுடைய குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். அந்த நிலத்துக்கு ‘நெய்த்தோர்ப்பட்டி’ என்றும் ‘உதிரப்பட்டி’ என்றும் பெயர். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் இரத்தந்தான். இரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம். பின்னாளில் பாளையக்காரர் காலத்திலும் இரத்த மானியம் என்ற வழக்கம் இருந்தது.

அந்தப் பெயரில் ஒளிவுமறைவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அறப்பட்டி என்றோ கருணைப்பட்டி என்றோ பெயர் வைக்கவில்லை. இன்னது போயிற்று, அதற்காக இது என்று பெயரே சொல்லிவிடுகிறது. அந்த நிலத்தை உழுத பிள்ளை ஊராரின் முன்னே தலை குனிந்து நின்றிருக்க மாட்டான்.

மாடு மீட்டவன் ஊருக்காகச் செத்தான், பட்டாசு செய்கிறவன் தன் கூலிக்காகச் செத்தான், இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். மாடு மீட்கப் போனவனுக்கும் வயிறு உண்டு. அவனும் சோற்றுக் கடனுக்காகவே போயிருப்பான். அவன் மீட்ட மாட்டின் பாலை ஊரார் குடித்தார்கள். ஊரார் பட்ட கடன் அதுதான். தீபாவளி இரவில் நம் முற்றத்தில் பூத்துச் சொரியும் புஸ்வாணத்தின் வெளிச்சம் நம் குழந்தைகளின் முகத்தில்தான் விழுகிறது. அதைத் திணித்து, அடைத்து, திரி வைத்தவளுக்கும் நமக்கும் இடையில் பத்து வியாபாரிகள் இருக்கலாம். கை மாறியதால் கடன் கரைந்துபோகாது.

கடனைத் தீர்க்க நாட்டில் ஏற்பாடுகளும் இல்லாமல் இல்லை. 1948-ல் சட்டமாகி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் அவற்றுள் சிறந்தது. 2019 ஜூலை முதல் கூலியில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். வேலையில் இறந்தவனுடைய குடும்பத்துக்கு மொத்தப் பணத்தை ஒரே நாளில் கொடுத்து அனுப்பாமல், மாதந்தோறும் கொடுத்து வருவது இந்தத் திட்டம். மொத்தப் பணம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது ஏழை வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தானும் சிறிது கட்டியிருப்பதனால், அங்கே போய் நிற்பவன் பிச்சைக்காரனாக நிற்பதில்லை. சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பற்றிய வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்ய வேண்டும், அதற்கான சந்தாவை முதலாளியே கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

இத்தனை இருந்தும் அந்த அம்மாளின் கைக்குச் சேலைதான் வந்தது. காரணம் சிக்கலானதல்ல. பெயர் இல்லை. சட்டம் பெயரைத்தான் தேடும். உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகை இன்னொருவருக்கு, அறை வாடகை மூன்றாமவருக்கு, கூலி எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று நான்காமவர் கொடுப்பது என்றாகிவிட்டால், விபத்து நடந்த அன்று அந்தப் பெண் யாரிடம் வேலை பார்த்தாள் என்று கேட்டால் யாரிடமும் இல்லை என்று பதில் வரும். யாரிடமும் வேலை பார்க்காமலே ஒருத்தி இரண்டு விரலை இழந்திருக்கிறாள்!

விபத்து பெரிதானால் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. மந்திரிகள் வருகிறார்கள். அந்தப் பணத்தால் குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. இருபது பேரோடு சேர்ந்து செத்தால் கிடைப்பது, தனியாகச் செத்தால் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை. செய்தியின் அளவைப் பார்த்து வருவது இரக்கம். பதிவேட்டில் ஒரு வரியைப் பார்த்து வருவது உரிமை.

அட்டவணையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். விரல் போன பிறகுதான் அது பேசத் தொடங்குகிறது. வீணை வாசிக்கிறவளின் விரலையும் திரி முடிகிறவளின் விரலையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. வலி என்ற தலைப்பே அதில் இல்லை. இரவில் ஒரு சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பயத்துக்கும் அதில் சதவீதம் கிடையாது. பணம் கட்டிவிட்டோம், பாவம் தீர்ந்தது என்று ஒரு முதலாளி நினைத்துவிட்டால், அட்டவணையே புதிய அபாயமாகிவிடும். விரலைக் காப்பதற்கு ஆகும் செலவைவிட விரலுக்குக் கொடுக்கும் பணம் மலிவு என்று ஒருவர் கணக்குப் போடாதபடி, சோதனைக்கு வரும் அதிகாரியும், வேலை நிறுத்தச் சொல்லும் தைரியமுள்ள போர்மேனும், ‘இந்த அறையில் ஆள் அதிகம், நான் உட்கார மாட்டேன்’ என்று சொல்லும் பெண்ணும் வேண்டும். அந்தப் பெண் அப்படிச் சொல்ல வேண்டுமானால், சொன்ன மறுநாளும் அவளுக்கு வேலை இருக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்வதானால் இதுதான்: இல்லை என்று சொல்லிவிட்டும் பட்டினி கிடக்காமல் இருக்கும் நிலை. ஏகலைவனுக்கு அது இருந்திருந்தால் நமக்கு அந்தக் கதையே கிடைத்திருக்காது. அவனுக்கு விரல் இருந்திருக்கும்.

இதையெல்லாம் செய்தால் சரக்கின் விலை ஏறும், தொழில் படுத்துவிடும் என்கிறார்கள். சிறு முதலாளிகளின் கஷ்டம் பொய்யல்ல. மொத்த வியாபாரி விலையை அழுத்தும்போது அவர்களால் எதைக் குறைக்க முடியும்? காகிதத்தின் விலை குறையாது, அலுமினியத் தூள் விலை குறையாது, லாரி வாடகை குறையாது. குறைப்பதற்கு அகப்படுவது ஆள் ஒருவர்தான். ஆகவே கேள்வி சுற்றிச் சுற்றி நம்மிடமே வருகிறது. பட்டாசே வாங்காமல் விட்டால் கை கழுவிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதனால் நம் கை சுத்தமாகும். அந்த ஊரின் அடுப்பு அணைந்துபோகும். வாங்குகிறவர்கள், ஒரு பெட்டியின் விலையில் காகிதமும் மருந்தும் வரியும் சேர்ந்திருப்பதுபோல, செய்தவளின் காப்பீடும் சேர்ந்திருக்கட்டும், அதற்காகச் சில ரூபாய் கூடட்டும் என்று மனம் ஒப்புவதுதான் நேர்மை. பேரம் பேசிக் குறைத்த பத்து ரூபாய் எங்கே போய் யாருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து அழிக்கிறது என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. தெரியாதது ஒன்றே அதற்குச் சமாதானமாகிவிடாது.

மத்தாப்பைக் குழந்தையின் கையில் கொடுக்கும்போது எந்தத் தாயும் ‘தள்ளிப் பிடி, விரலைச் சுட்டுக்கொள்ளாதே’ என்று சொல்லாமல் கொடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்கிறாள். அந்த எச்சரிக்கையும் அந்த வாளித் தண்ணீரும் மத்தாப்பு புறப்பட்ட இடத்திலிருந்தே அதனோடு வந்திருக்க வேண்டும். அங்கேயும் விரல்கள் இருக்கின்றன.